பழைய வேலையை விட்டு வேறு கம்பெனிக்கு மாறும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து, பதினைந்து வருஷம் ஒரே இடத்தில் இருந்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் புதுச் சம்பளத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு, தேதிகளில் கோட்டை விடுகிறார்கள். கடிதம் கொடுக்கும் தேதி, கடைசி வேலை நாள், புது இடத்தில் சேரும் நாள் ஆகிய மூன்றும்தான் கையில் வரும் காசையும் உரிமையையும் முடிவு செய்கின்றன. கீழே உள்ளவை தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடப்பில் இருக்கும் 1955 வேலைச் சட்டத்தை ஒட்டியவை. அந்தச் சட்டத்தின் பெரிய திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது.

புது கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது, "நீங்கள் செலக்ட் ஆகிவிட்டீர்கள்" என்கிறார்கள். ராஜினாமா கொடுத்துவிடலாமா?

கூடாது. போன் பேச்சு, வாட்ஸ்அப் செய்தி எதுவும் போதாது. இரு தரப்பும் கையெழுத்திட்ட வேலைக் கடிதம் கையில் வர வேண்டும். அதிலும் "மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டது", "முன்னாள் முதலாளியிடம் விசாரித்த பிறகு" என்று ஒரு வரி இருந்தால், அந்த நிபந்தனை முடிந்துவிட்டது என்று எச்.ஆர். மின்னஞ்சலில் எழுதித் தரும் வரை பொறுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் இருப்பவர்கள் பரிசோதனையை முடித்துவிட்டுத்தான் பழைய இடத்தில் வாயைத் திறக்க வேண்டும்.

எத்தனை நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்?

முதலில் உங்கள் வேலை ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதில் எழுதியிருப்பதுதான் செல்லும். ஆனால் அந்தக் காலம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்தில் ஒன்றுமே இல்லையென்றால் சட்டம் சொல்வது இது: 2 வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், 2 முதல் 5 வருஷத்துக்குள் 6 வாரம், 5 வருஷமும் அதற்கு மேலும் 8 வாரம்.

பழைய ஆட்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. சேரும்போது கொடுத்த கடிதத்தில் ஒரு மாதம் என்றிருக்கும். இடையில் பதவி உயர்வு வந்தபோது கொடுத்த கடிதத்தில் மூன்று மாதம் என்று மாற்றியிருப்பார்கள், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆகவே கடைசியாகக் கையெழுத்திட்ட கடிதத்தைத் தேடி எடுங்கள்.

நோட்டீஸ் எந்த நாளிலிருந்து ஓடும்?

கடிதம் கொடுத்த அதே நாளிலிருந்து. கொடுத்த நாளும் கணக்கில் சேரும், மாத ஆரம்பத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, ஞாயிறும் பொது விடுமுறையும் கழிக்கப்படுவதில்லை. 8 வார நோட்டீஸை 2026 ஜனவரி 5, திங்கட்கிழமை கொடுத்தால் 56 நாள் மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. மார்ச் 2 திங்களன்று புது இடத்தில் சேரலாம்.

மாதம் 300 ரிங்கிட் கூடுதல் தருகிறார்கள். லாபம்தானே?

அவசரப்படாதீர்கள். 4,000 ரிங்கிட் என்ற கோட்டை நீங்கள் தாண்டுகிறீர்களா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் போனால், ஓவர்டைம், ஓய்வு நாள் வேலை, பொது விடுமுறை வேலை ஆகியவற்றுக்குச் சட்டப்படி கேட்கும் கூடுதல் சம்பள உரிமை போய்விடும். ஆட்குறைப்பு நிவாரணமும் அப்படியே. இந்த 4,000-ஐக் கணக்கிடும்போது கமிஷனும் ஓவர்டைமும் சேராது. உடலுழைப்பு வேலை செய்கிறவர்கள், அவர்களை மேற்பார்வை பார்க்கிறவர்கள், வாகனம் ஓட்டுகிறவர்கள் ஆகியோருக்கு மட்டும் இந்த வரம்பு பொருந்தாது.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தித் திட்டமிடும் பிரிவில் ஒரு கிளார்க், அடிப்படைச் சம்பளம் 3,900 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் சம்பளம் 3,900-ஐ 26-ஆல் வகுத்தால் 150. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 18.75. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 28.12 ரிங்கிட் சொச்சம். மாதம் 40 மணி நேரம் ஓ.டி. பார்த்தால் 1,125 ரிங்கிட் கூடுதல். ஆகப் பழைய இடத்தில் கையில் வருவது 5,025. புது இடத்தில் 4,200 சம்பளம், ஒப்பந்தத்தில் ஓ.டி. பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால், அதே நேரம் வேலை பார்த்து மாதம் 825 ரிங்கிட் குறைவாக வாங்குவார். "எக்சகியூட்டிவ்" என்ற பட்டம் ஓ.டி. பணத்தை ஈடு கட்டாது. ஓ.டி. உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால் மட்டும் 4,000-க்கு மேலும் அது உங்கள் உரிமை.

அடுத்தது இ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமநிதி. சட்டப்படி முதலாளி பங்கு, சம்பளம் 5,000 ரிங்கிட் வரை 13 விழுக்காடு, அதற்கு மேல் 12. உங்கள் பங்கு 11. பழைய பெரிய கம்பெனிகள் சில, நீண்ட நாள் ஆட்களுக்கு 15 அல்லது அதற்கு மேலும் கட்டுகின்றன. பே-ஸ்லிப்பில் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

விடுமுறைப் பட்டியலையும் கேளுங்கள். முதலாளி வருஷத்துக்குக் குறைந்தது 11 பொது விடுமுறை கொடுக்க வேண்டும். அதில் ஐந்துதான் கட்டாயமானவை: தேசிய தினம், பேரரசர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மற்ற ஆறும் முதலாளி தேர்வு. தீபாவளியும் தைப்பூசமும் அந்த ஆறில் இருக்கின்றனவா என்பதைச் சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

இத்தனை வருஷ சர்வீஸ் என்ன ஆகும்?

பூஜ்யத்துக்குப் போகும். வருடாந்திர விடுப்பு 5 வருஷத்துக்கு மேல் 16 நாள் வாங்கியவர், புது இடத்தில் சட்டப்படி 8 நாளில் தொடங்குவார். மருத்துவ விடுப்பு 22-இலிருந்து 14 நாள். இவையெல்லாம் குறைந்தபட்சம் என்பதால் பேசி உயர்த்தலாம். அனுபவம் உள்ள ஆளை எடுக்கும் கம்பெனிக்கு, சம்பளத்தில் 200 ரிங்கிட் கூட்டுவதைவிட விடுப்பில் ஆறு நாள் கூட்டுவது சுலபம். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

பெரிய இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஆட்குறைப்பு நடந்தால், சட்ட வரம்புக்குள் வரும் தொழிலாளிக்கு 5 வருஷத்துக்கு மேற்பட்ட சேவை என்றால் வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். 3,900 ரிங்கிட் வாங்கும் ஒருவருக்கு 12 வருஷ சேவை இருந்தால் 240 நாள்; வருஷச் சம்பளத்தை 365-ஆல் வகுத்த நாள் கணக்கில் ஏறத்தாழ 30,800 ரிங்கிட். தானாக ராஜினாமா செய்கிறவருக்கு இதில் ஒரு சென்னும் இல்லை. அதனால் உங்கள் தொழிற்சாலையில் ஒரு பிரிவை மூடப் போகிறார்கள், வி.எஸ்.எஸ். (கம்பெனி இழப்பீடு கொடுத்து, விருப்பமுள்ளவர்களை விலகச் சொல்லும் திட்டம்) வரப் போகிறது என்ற பேச்சு பலமாக இருந்தால், புது இடத்தில் சேரும் தேதியைக் கொஞ்சம் தள்ளிக் கேட்பது புத்திசாலித்தனம். வெறும் கேன்டீன் வதந்தியை நம்பி நல்ல வேலையை விட்டுவிடுவதும் தவறுதான். எச்.ஆர். கூட்டம் போட்டார்களா, வெளி ஆள் எடுப்பதை நிறுத்தினார்களா என்பவற்றைப் பார்த்து முடிவெடுங்கள்.

போனஸ் வாங்கிய பிறகு கடிதம் கொடுக்கலாமா?

பெரும்பாலான ஒப்பந்தங்களில் போனஸ் கொடுக்கும் நாளன்று "வேலையில் இருக்க வேண்டும், நோட்டீஸ் காலத்தில் இருக்கக் கூடாது" என்று எழுதியிருக்கும். அப்படியானால் கடைசி நாளைப் பார்த்துப் பயனில்லை, கடிதத்தின் தேதிதான் முக்கியம். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு கடிதம் கொடுங்கள். பினாங்கிலுள்ள வெளிநாட்டுக் கம்பெனிகளில் பங்குகள் கொடுத்திருந்தால், அடுத்த தவணை உங்கள் பெயருக்கு எந்தத் தேதியில் மாறுகிறது என்று பாருங்கள். ஒரு வாரம் முந்திப் போய்ப் பெரிய தொகையை விட்டவர்கள் உண்டு.

ராஜினாமாக் கடிதத்தில் என்ன எழுதுவது?

நான்கு வரி போதும். இன்ன பதவியிலிருந்து விலகுகிறேன், ஒப்பந்தத்தின் இன்ன பிரிவுப்படி இத்தனை வாரம் நோட்டீஸ் தருகிறேன், என் கடைசி வேலை நாள் இன்ன தேதி, மீதி விடுப்பு இத்தனை நாளை இப்படித் தீர்க்க விரும்புகிறேன். காரணம் எழுதக் கட்டாயம் இல்லை. மேலாளர் மீதுள்ள கோபத்தை அதில் கொட்டாதீர்கள், அந்தத் தாள் உங்கள் கோப்பில் வருஷக்கணக்கில் கிடக்கும். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதி, எச்.ஆர்., மேலாளர் இருவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் போடுங்கள். தாளில் கொடுத்தால் "பெற்றுக்கொண்டேன்" என்ற கையெழுத்தும் தேதியும் உள்ள நகல் வேண்டும்.

மேலாளர் கடிதத்தை வாங்க மாட்டேன் என்கிறார்.

அவர் சம்மதம் தேவையில்லை. நோட்டீஸ் கொடுப்பது உங்கள் உரிமை, கொடுத்ததற்குச் சான்று இருந்தால் போதும். அதே நேரம், கொடுத்த பிறகு மனம் மாறினால் திரும்பப் பெற முதலாளி சம்மதிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

24 மணி நேர நோட்டீஸில் போக முடியுமா?

முடியும், காசு கொடுத்து. நோட்டீஸ் காலத்துக்கு, அல்லது அதில் மீதியுள்ள காலத்துக்கு உண்டான சம்பளத்தை முதலாளிக்கு ஈடாகக் கட்ட வேண்டும். அந்தத் தொகையை உங்கள் கடைசிச் சம்பளத்திலிருந்து பிடிக்கவும் சட்டம் அனுமதிக்கிறது. புது கம்பெனி "நாங்கள் கட்டுகிறோம்" என்றால் எவ்வளவு, எப்போது, புது இடத்தில் சீக்கிரம் விலகினால் திருப்பித் தர வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் வராமல் நின்றுவிடுவது வேறு கதை. அனுமதியும் தகவலும் நியாயமான காரணமும் இன்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகக் கருதப்படும். ஈட்டுத் தொகையும் போகும், பெயரும் போகும்.

மீதி விடுப்பு?

போன வருஷத்து மீதி, இந்த வருஷம் முடிந்த மாதங்களுக்குச் சேர்ந்தது இரண்டையும் வேலை முடிவதற்குள் எடுக்க உரிமை உண்டு. வருஷத்துக்கு 16 நாள் உள்ளவர் ஜூன் மாதக் கடைசியில் விலகினால், இந்த வருஷத்துக்கு 8 நாள். அதில் 5 எடுத்திருந்தால் மீதி 3. வேலை ஒப்படைப்புக்காக அதை எடுக்க விடாவிட்டால் பணமாகக் கேளுங்கள். மேலே சொன்ன 3,900 ரிங்கிட் ஆளுக்கு நாளுக்கு 150 வீதம் 450 ரிங்கிட். மீதி விடுப்பை எடுத்து முன்கூட்டியே ஆபிசுக்கு வராமல் இருந்தாலும், கடைசி நாள் வரை நீங்கள் பழைய கம்பெனியின் ஆள்தான். அந்த இடைவெளியில் புது இடத்தில் வேலை தொடங்குவது ஒப்பந்த மீறலாகிவிடும்.

கடைசிச் சம்பளம் எப்போது, எவ்வளவு?

முறையாக நோட்டீஸ் கொடுத்து முடித்தால், கடைசி வேலை நாளுக்குள். நோட்டீஸ் இல்லாமல் விலகினால் மூன்று நாளுக்குள். "அடுத்த மாதச் சம்பளத்தோடு போடுகிறோம்" என்பது பல கம்பெனிகளின் வழக்கம், ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

மாத நடுவில் முடிந்தால், மாதச் சம்பளத்தை அந்த மாதத்தின் நாட்களால் வகுத்து, வேலையில் இருந்த நாட்களால் பெருக்க வேண்டும். ஜூன் 18 கடைசி நாள் என்றால் 3,900-ஐ 30-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்க, 2,340 ரிங்கிட். இங்கே 26-ஆல் வகுப்பதில்லை. ஒரு நாள் விடுப்புப் பணத்துக்கும் ஓவர்டைமுக்கும்தான் 26. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதுதான் கடைசிப் பே-ஸ்லிப்பில் அடிக்கடி வரும் தவறு.

விலகும்போது கொடுக்கும் பாரத்தில் "கம்பெனிக்குச் சேர வேண்டிய எந்தத் தொகையையும் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்" என்ற வரி இருந்தால், தொகை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வருமான வரி வாரியத்தின் அனுமதி வரும் வரை சம்பளத்தை நிறுத்தி வைப்போம் என்கிறார்களே?

சி.பி.22ஏ பாரம் (ஆள் விலகுவதை முதலாளி வாரியத்துக்குத் தெரிவிப்பது) அனுப்ப வேண்டிய ஆட்களுக்கு அது உண்மை. வாரியத்தின் கடிதம் வரும் வரை, அல்லது பாரம் போய்ச் சேர்ந்து 90 நாள் வரை பணத்தைப் பிடித்து வைக்க வேண்டும். ஆனால் உங்கள் சம்பளத்தில் பி.சி.பி. (மாதாந்திர வரிப் பிடித்தம்) பிடிக்கப்பட்டு வந்து, நீங்கள் மலேசியாவிலேயே வேறு வேலைக்குப் போகிறீர்கள் என்றால் அந்தப் பாரம் தேவையில்லை. புது வேலை பற்றி எச்.ஆரிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இந்தத் தடை நீங்கும்.

டி.பி.3 பாரம் என்றால் என்ன? கொடுக்காவிட்டால்?

இந்த வருஷம் பழைய இடத்தில் வாங்கிய மொத்தச் சம்பளம், கட்டிய இ.பி.எஃப்., பிடித்த பி.சி.பி. ஆகியவற்றைப் புது முதலாளிக்குத் தெரிவிக்கும் பாரம். ஜூலையில் புது இடத்தில் சேர்ந்து அதைக் கொடுக்காவிட்டால், புது கம்பெனியின் கணினி, நீங்கள் ஜூலையில்தான் சம்பாதிக்கத் தொடங்கினீர்கள் என்று எண்ணி, குறைந்த வரி அடுக்கில் பிடிக்கும். ஆறு மாதம் கையில் கூடுதலாக வரும், மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். அடுத்த வருஷம் இரண்டு கம்பெனியும் தரும் இ.ஏ. பாரத்தை (வருஷச் சம்பள விவரம்) கூட்டி வரி நிரப்பும்போது மொத்தமாக ஒரு தொகை வந்து நிற்கும். கெடுவுக்குள் கட்டாவிட்டால் அதன்மேல் 10 விழுக்காடு அபராதம்.

பழைய கம்பெனி இ.ஏ. பாரத்தை அடுத்த வருஷம் பிப்ரவரிக் கடைசிக்குள் தர வேண்டும். அப்போது உங்கள் ஆபிஸ் மின்னஞ்சல் இருக்காது. விலகும் நாளிலேயே சொந்த மின்னஞ்சலைக் கொடுத்துவிடுங்கள். இ.பி.எஃப்., வரி, வங்கிக் கணக்குகள் கம்பெனி கைப்பேசி எண்ணில் பதிவாகியிருந்தால் அதையும் முன்னதாக மாற்றுங்கள். சிம் கார்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஓ.டி.பி. வேறொருவர் கைக்குப் போகும்.

இ.பி.எஃப். மாற்ற வேண்டுமா?

இ.பி.எஃப். எண்ணை மட்டும் புது எச்.ஆரிடம் கொடுங்கள், கணக்கு உங்களோடு வரும். ஒரு மாதத்துப் பங்கை முதலாளி அடுத்த மாதம் 15-க்குள் கட்ட வேண்டும். பழைய கம்பெனியின் கடைசி மாதப் பங்கு ஏறியதா என்று செயலியில் பார்த்துவிடுங்கள்.

பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன், கூட்டுறவுக் கடன் போன்றவை சம்பளத்தில் பிடிக்கப்பட்டு வந்தால் அவை தானாக மாறா. ஒரு தவணை தவறினாலும் கடன் பதிவில் விழலாம்.

மெடிக்கல் கார்டு?

கம்பெனி கார்டு கடைசி நாளோடு முடியும். சொந்தமாக ஒன்று எடுப்பதானால் வேலையில் இருக்கும்போதே எடுங்கள். விபத்து தவிர மற்றவற்றுக்குப் பொதுவாக 30 நாள் காத்திருப்பும், இருதயம், நீரிழிவு போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள் காத்திருப்பும் உண்டு. ஏற்கெனவே உள்ள நோய் பற்றிப் புது கம்பெனியின் குழுக் காப்பீடு என்ன சொல்கிறது என்றும் கேளுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் அதை முடித்துக்கொண்டு மாறுவது மேல்.

குழந்தை பிறக்கப் போகிறது. இப்போது மாறலாமா?

நாளை எண்ணிப் பாருங்கள். 98 நாள் பிரசவ விடுப்புக்குச் சம்பளம் பெற, பிரசவத்துக்கு முந்தைய 9 மாதத்தில் அந்த முதலாளியிடம் குறைந்தது 90 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும், கடைசி 4 மாதத்தில் எப்போதாவது அங்கே வேலையில் இருந்திருக்கவும் வேண்டும். ஆறாவது மாதத்துக்குப் பிறகு மாறுவது அபாயம். தந்தைக்குரிய 7 நாள் விடுப்புக்கு அதே முதலாளியிடம் 12 மாதம் வேண்டும். புதிதாகச் சேர்ந்த அப்பாவுக்குச் சட்டப்படி அது கிடைக்காது, ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கினால் உண்டு.

"இரண்டு வருஷம் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வேலையை விட்ட பிறகும் ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி செல்லாது. ஆனால் வாடிக்கையாளர் பட்டியல், விலைப் பட்டியல், வரைபடங்களை எடுத்துப் போனால் இரகசியக் காப்பு என்ற வேறு வழியில் வழக்கு வரும். கடைசி வாரத்தில் ஆபிஸ் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். பே-ஸ்லிப், வேலைக் கடிதம், விடுப்புப் பதிவு போன்ற உங்களுடைய தாள்களை மட்டும் எடுங்கள்.

சம்பளத்தை ஏற்றுகிறோம், போகாதே என்கிறார்கள்.

எழுத்தில் வந்தால் யோசியுங்கள். வாய்ச்சொல் என்றால் விடைபெறும் வாழை இலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

"நீயே எழுதிக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் நீக்குவோம்" என்று மிரட்டுகிறார்கள்.

எழுதிக் கொடுக்காதீர்கள். தானாக விலகியவருக்கு சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக் காப்புறுதிப் பணம் கிடைக்காது. வி.எஸ்.எஸ்., ஆட்குறைப்பில் போனவருக்கு உண்டு, வேலை இழந்த 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கட்டாயப்படுத்தி எழுதி வாங்கிவிட்டால், அதுவும் பணிநீக்கம்தான் என்று தொழிலுறவு இலாகாவில் புகார் செய்யலாம். அதற்கும் கெடு 60 நாள்தான். யார், என்றைக்கு, என்ன சொன்னார்கள் என்பதை அன்றே குறித்து வையுங்கள்.

எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கிறேன், தமிழ்நாட்டுக்காரன். இதே விதிதானா?

நோட்டீஸ், விடுப்பு, சம்பளம் எல்லாம் ஒன்றுதான். ஆனால் பாஸ் முதலாளியோடு கட்டுப்பட்டது. பழைய கம்பெனி அதை ரத்து செய்ய வேண்டும், புது கம்பெனி தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். புதுப் பாஸ் வருவதற்குள் அங்கே ஒரு நாள்கூட வேலை பார்க்காதீர்கள். சேரும் தேதியைப் பாஸ் ஒப்புதலோடு இணைத்து எழுதச் சொல்லுங்கள்.

கடைசிச் சம்பளம் வரவே இல்லை. எங்கே போவது?

வேலையிடம் இருக்கும் வட்டாரத்தின் தொழிலாளர் இலாகாவுக்கு. முதலில் எச்.ஆருக்குத் தொகையைப் பிரித்து எழுதி, பதில் தர ஒரு வாரம் கொடுத்து மின்னஞ்சல் போடுங்கள்: பாக்கிச் சம்பளம் இவ்வளவு, விடுப்புப் பணம் இவ்வளவு, ஓ.டி. இவ்வளவு. பிறகு வேலைக் கடிதம், கடைசி ஆறு மாதப் பே-ஸ்லிப், ராஜினாமாக் கடித நகல், வங்கிப் பதிவு, அந்த மின்னஞ்சல் ஆகியவற்றோடு போனால், அதிகாரி அன்றைக்கே கணக்கைப் பார்க்க முடியும். வழக்கறிஞர் தேவையில்லை.